பெரிய ஸ்னோவுக்குப் பிறகு வானிலை எப்படிப் போகும்? ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிக்குள் தெற்கு ஒன்ராறியோவில் ஒரு பெரிய பனிப்புயல் அடித்து ஓய்ந்தால், அடுத்த இரண்டு மூன்று கிழமைக்கு ஒரே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வரும். 2025 பெப்ரவரியில் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துப் புயல்கள் வந்து ரொறன்ரோவில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியபோதும் இவைதான் வந்தன. கேட்டவர்களின் வாக்கிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். பாதிக்கு மேற்பட்ட பதில்கள் இரண்டு இடத்தில் வந்து நிற்கும்: பனிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இரவில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகிறதா.

ஸ்னோ நிண்டிட்டுது, வெயிலும் எறிக்குது. பிறகும் ஏன் எச்சரிக்கையை எடுக்கேல்லை?

புயலின் மையம் கிழக்கே நகர்ந்த பிறகு அதன் பின்பக்கத்தில் வடமேற்குக் காற்று இறங்கும். விழுந்த பனி உலர்ந்த தூளாக இருந்தால் இந்தக் காற்று அதைக் கிளப்பிக்கொண்டு போகும். நகருக்குள் அவ்வளவு தெரியாது. மார்க்கம் நகருக்கு வடக்கே திறந்த வயல்வெளி தொடங்கும் இடங்களில் வெயில் எறிக்கும்போதே எதிரே வரும் கார் மறைந்துவிடும். பனி தள்ளும் புளோ வண்டி போய் அரை மணிக்குள் தெரு திரும்ப மூடிக்கிடப்பதும் இதனால்தான்.

எச்சரிக்கையின் நிறத்தையும் கவனியுங்கள். 2025 நவம்பர் கடைசியிலிருந்து அரச வானிலைச் சேவையான என்விரன்மென்ட் கனடா மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறங்களில் அறிவிக்கிறது. மஞ்சள் அடிக்கடி வரும், ஆரஞ்சு குறைவு, சிவப்பு அரிது. நிறம் வருவது செ.மீ. கணக்கை மட்டும் வைத்தல்ல, பாதிப்பு எவ்வளவு இருக்கும், அந்தக் கணிப்பில் எவ்வளவு நம்பிக்கை என்பதை வைத்து.

30 சென்ரிமீற்றர் எண்டு சொன்னவை. என்ர வீட்டடியில அளந்தா 18 தான். பொய்தானே?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பனி விழுந்த கையோடு அமுங்கத் தொடங்கும். அதிகாரபூர்வ அளவீட்டில் ஒரு வெள்ளைப் பலகையில் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்து, துடைத்து, கூட்டுவார்கள். நீங்கள் மறுநாள் காலை ஒரேயடியாக அளந்தால், இரவில் விழுந்த 30 செ.மீ. 22 ஆக இறங்கியிருக்கலாம். காற்று வேலியோரத்தில் குவித்து நடுமுற்றத்தைத் துடைத்துவிட்டும் போயிருக்கும். ஒரே இடத்தில் அளக்காமல் ஐந்தாறு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

இன்னொரு காரணம் பனியின் தன்மை. பொதுவாக 1 செ.மீ. தண்ணீருக்கு 10 செ.மீ. பனி என்று வைப்பார்கள். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி இருந்தால் அதே தண்ணீர் 5 செ.மீ. ஈரப்பனியாகத்தான் விழும், −12 பாகையில் 20 செ.மீ. பஞ்சாக விழும். ஆகவே தண்ணீரின் அளவைச் சரியாகக் கணித்தவர்கூட செ.மீ. கணக்கில் தோற்கலாம்.

அப்ப அதுக்குள்ள எவ்வளவு தண்ணி இருக்கெண்டு வீட்டிலயே பார்க்க ஏலுமோ?

ஏலும். பக்கம் நேராக உள்ள உயரமான கோப்பித் தகரம் ஒன்று போதும். காற்றுக் குவிக்காத, யாரும் மிதிக்காத இடத்தில் தகரத்தைக் கவிழ்த்து நேரே தரை வரை அழுத்துங்கள். பக்கத்துப் பனியை விலக்கி, அடியில் ஒரு தட்டைச் செருகி, அப்படியே நிமிர்த்துங்கள். பனி தகரத்தைவிட உயரம் என்றால் இரண்டு தடவையாக எடுங்கள். உள்ளே கொண்டுவந்து தானாக உருக விடுங்கள். அடுப்பில் வைத்தால் ஆவியாகிக் கணக்குக் குறையும். உருகிய பின் தகரத்தில் நிற்கும் தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் விடை கிடைத்துவிடும்.

30 செ.மீ. பழைய பனிக்கு 6 செ.மீ. தண்ணீர் வந்தால் அது 60 மி.மீ. மழைக்குச் சமன். 100 சதுர மீற்றர் முற்றத்தில் அது 6,000 லீற்றர். ஆற்றுக் காப்பு ஆணையங்களும் இதையேதான் நீண்ட குழாயால் பல இடங்களில் குத்தி, நிறுத்துப் பார்த்துச் செய்கின்றன. மாதத்தின் முதல் நாளையும் 15ஆம் நாளையும் ஒட்டி ஒன்ராறியோ முழுக்க இந்த அளவீடு நடக்கும்.

இது எப்ப உருகி முடியும்?

ஒரு கைக்கணக்கு இருக்கிறது. நாளின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே போகும் ஒவ்வொரு பாகைக்கும் ஒரு நாளில் சுமார் 2 முதல் 4 மி.மீ. தண்ணீர் உருகி வரும். சராசரி என்றால் பகலையும் இரவையும் சேர்த்து. பகல் +6, இரவு −4 என்றால் சராசரி +1 தான்: நாளைக்கு 3 மி.மீ. அளவு. மேலே சொன்ன 60 மி.மீ. பனி அப்படியே போனால் மூன்று கிழமை கிடக்கும். பகல் +12, இரவு +8, காற்றும் ஈரமும் என்றால் அதே பனி இரண்டு நாளில் ஓடிவிடும். இரவு வெப்பநிலையைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

முதல் நாள் சூட்டில் தண்ணீர் வெளியே வராவிட்டால் ஏமாற வேண்டாம். புதுப் பனி பஞ்சுபோல முதலில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நிரம்பிய பிறகு சேர்ந்தாற்போல விடும். புளோ தள்ளிய குவியலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அது இறுகிய ஐஸ். கார் தரிப்பிடத்துப் பனிமலைகள் ஏப்ரல் வரை கிடப்பது வழமை.

−3ன்னு காட்டுது, ஆனா டிரைவ்வே உருகுது. +4ன்னு போட்ட நாள்ல ஒண்ணும் உருகல. என்ன கணக்கு சார் இது?

முதல் பாதிக்குக் காரணம் சூரியன். டிசம்பர் 21 அன்று நண்பகலில் ரொறன்ரோவில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்தில்தான் நிற்கும். மார்ச் 1 அன்று சுமார் 39 பாகை, மார்ச் 20 அன்று 46 பாகை. புதுப் பனி ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பு அஸ்பால்ட் பெரும்பகுதியை விழுங்கும். ஒரு முழ அளவுக்குக் கறுப்புத் தரையைத் திறந்துவிட்டால் மிச்சத்தை வெயிலே அரித்துக்கொண்டு போகும். ஷவல் பண்ணும்போது தெற்குப் பார்த்த விளிம்பைத் தரை தெரியச் சுரண்டிவிடுவது நல்ல வேலை.

இரண்டாம் பாதிக்குக் காரணம் காற்றின் வறட்சி. +4 பாகை என்றாலும் பனிபடுநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, dew point) −10 ஆக இருந்தால், பனியின் மேற்பரப்பு ஆவியாகும்போது வெப்பத்தை இழந்து பூச்சியத்துக்குக் கீழேயே நிற்கும். வானிலைப் பக்கத்தில் வெப்பநிலைக்குக் கீழே பனிபடுநிலை என்று ஓர் எண் இருக்கும். அது பூச்சியத்தைத் தாண்டும் நாளில்தான் உருகல் வேகம் பிடிக்கும். கோடையில் புழுக்கத்துக்கு மட்டும் பார்க்கும் எண் என்று அதை விட்டுவிடுகிறோம்.

மழை பெஞ்சா எல்லாம் கரைஞ்சிடும்தானே?

மழை மட்டும் பெரிதாக ஒன்றும் கரைக்காது. 5 பாகை வெப்பத்தில் 20 மி.மீ. மழை பெய்தால், அந்தத் தண்ணீரின் சூடு உருக்குவது 1¼ மி.மீ. அளவு பனியைத்தான். உருக்குவது மழையோடு வரும் ஈரச்சூட்டுக் காற்று. அதிலுள்ள நீராவி குளிர்ந்த பனியின் மேல் படிந்து நீராகும்போது வெப்பத்தை விடும். 1 மி.மீ. படிந்தால் ஏழு மி.மீ.க்கு மேல் உருகும். பனி விரிப்பின் மேல் தடித்த மூடுபனி நிற்பதைக் கண்டால் உருகல் முழுவேகத்தில் நடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் டிவிபி, 401 நெடுஞ்சாலைகளில் பார்வைத் தூரம் சட்டென்று குறையும்.

மழையால் வேறு கெடுதல் இருக்கிறது. பனி அதை உறிஞ்சிப் பாரமாகும். உருகிய நீரோடு மழையும் சேர்ந்து ஒரே நேரத்தில் வடிகாலுக்கு வரும்.

வெள்ளம் வருமோ? எங்கட வீடு ஆத்துக்குப் பக்கத்திலயும் இல்லை.

ஆற்றங்கரைக்காரருக்கு எச்சரிக்கை வரும். டொன், ஹம்பர், ரூஜ், ஹைலன்ட் கிறீக் ஓடைகளுக்கு ரொறன்ரோ பிராந்தியக் காப்பு ஆணையம் படிப்படியாக அறிவிப்பு விடும்: நீர்ப் பாதுகாப்பு அறிக்கை, வெள்ள எதிர்பார்ப்பு, வெள்ளக் கண்காணிப்பு, வெள்ள எச்சரிக்கை. கடைசியது வந்தால் வெள்ளம் உடனே வரப்போகிறது அல்லது வந்துவிட்டது. ஆற்றில் ஐஸ் உடைந்து பாலத்தடியில் சிக்கினால் மழை நின்ற பிறகும் மட்டம் ஏறும். 2018 பெப்ரவரி 21 அன்று பிரான்ற்ஃபோர்ட்டில் கிராண்ட் ஆற்றில் ஐஸ் அடைத்து, சுமார் 5,000 பேர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. உறைந்த நிலம், மேலே பனி, பெப்ரவரிச் சூடு, மழை எல்லாம் அன்று ஒன்றாகக் கூடின.

ஆறு இல்லாத இடத்தில் வெள்ளம் பேஸ்மென்ட் வழியாக வரும். நிலம் உறைந்திருப்பதால் தண்ணீர் கீழே இறங்காமல் சுவரை ஒட்டித் தேடிப் போகும். சூடு வருவதற்கு முதல் நாளே செய்ய வேண்டியவை இவை. வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு மீற்றர் அகலத்துக்குப் பனியை அப்புறப்படுத்துங்கள், பேஸ்மென்ட் யன்னல்களுக்கு வெளியே உள்ள குழிகளையும் சேர்த்து. பீலிக் குழாயின் அடிமுனை ஐஸால் அடைபட்டிருந்தால் உடைத்து, நீட்டுக்குழாய் சுவரிலிருந்து 2 மீற்றர் தள்ளி ஊற்றும்படி வையுங்கள். தெருவோர வடிகால் வாயைத் திறந்துவிடுங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்தில் ஷவலால் தட்டிப் பாருங்கள், இரும்புச் சத்தம் கேட்கும். பேஸ்மென்ட் குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப் இருந்தால், அந்தக் குழிக்குள் ஒரு 20 லீற்றர் வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். மிதவை எழும்பி, மோட்டார் ஓடி, தண்ணீர் வெளியே போக வேண்டும். மோட்டார் ஓடியும் தண்ணீர் குறையாவிட்டால் வெளிக்குழாய் உறைந்திருக்கிறது. பம்ப் பழுது என்று நினைத்துப் புதிது வாங்க ஓடாதீர்கள்.

பகல் எல்லாம் தண்ணியா ஓடிச்சுது. காலமை காரை எடுக்க ஏலாமக் கிடக்கு. இது எவ்வளவு நாளைக்கு?

பகல் பூச்சியத்துக்கு மேலும் இரவு கீழுமாக இருக்கும் வரைக்கும். வெள்ளத்துக்கு இந்த நிலை நல்லது, காலுக்குத்தான் கெட்டது. விடிவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலமும் சூரியன் ஏறும் வரையான நேரமும்தான் ஆட்கள் அதிகம் வழுக்கி விழும் நேரம். வானம் தெளிந்த, காற்றில்லாத இரவில் முன்னறிவிப்பு +1 என்று சொன்னாலும் தரை −2க்கு இறங்கிவிடும். பாலங்கள் முதலில் உறையும்.

இதைவிடக் கெட்டது, குளிர்முகப்பு வந்து ஒரு மணி இரண்டு மணிக்குள் +5இலிருந்து −5க்கு விழுவது. ஈரத்தெரு அப்படியே கண்ணாடியாகும். அந்த எச்சரிக்கை வந்தால் குளிர் வருமுன் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள். உறைந்த பிறகு சுரண்டுவது பத்து மடங்கு வேலை.

உப்பு அள்ளிக் கொட்டியும் ஐஸ் போகேல்லை.

சாதாரண உப்பு −10 பாகைக்குக் கீழே மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். அதற்குக் கீழே கல்சியம் குளோரைட்டு கலந்தது வேண்டும், அல்லது பிடிப்புக்கு மணல். கூடக் கொட்டுவதால் பயனில்லை: ஒரு பெரிய கோப்பிக் கோப்பை உப்பு, 350 கிராம் அளவு, பத்து நடைபாதைச் சதுரங்களுக்குப் போதும். முதலில் சுரண்டுங்கள், பிறகு தூவுங்கள். மிச்சம் ஓடையில்தான் போய்ச் சேரும்.

கூரையில கிடக்கிறதை இறக்க வேணுமோ?

சரிவுக் கூரையில் பெரும்பாலும் வேண்டாம். உயரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 40 செ.மீ. புதுப் பனி சதுர மீற்றருக்கு 40 கிலோ அளவு. அது அமுங்கி, மழையையும் குடித்து 25 செ.மீ. ஆனால், குறைந்தது போலத் தெரிந்தாலும் பாரம் 85 கிலோவைத் தாண்டும். மழையும் புதுப் பனியும் மாறிமாறி வந்தால் தட்டைக் கூரை, கார் நிழற்கூரை, பின்முற்றத்துக் கொட்டில் ஆகியவற்றைக் கவனியுங்கள். உள்ளே கதவுகள் இறுகுவது, சீலிங்கில் புது வெடிப்பு, முறியும் சத்தம் ஆகியவை அடையாளங்கள். ஏறாதீர்கள். தரையில் நின்று நீட்டுக் கம்பால் இழுங்கள், கூரை ஓடுகளைச் சுரண்டாமல் சில செ.மீ. பனியை விட்டுவிடுங்கள்.

கூரையைவிட அவசரமான ஒன்று பக்கச் சுவரில் இருக்கிறது. வீட்டைச் சூடாக்கும் புது வகை பேர்னஸின் இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள் தரைக்கு அருகே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஷவல் பண்ணிய பனியை அதன்மேல் எறிந்து மூடினால் பேர்னஸ் நின்றுபோகும், அல்லது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே திரும்பும். புயல் முடிந்ததும் முதலில் சுற்றிப்போய்ப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பாரியில நாள் முழுக்கக் கொட்டுது, ஸ்காபரோவில வெயில். ஒரே மாகாணம்தானே?

ஏரி செய்யும் வேலை. ஏரி மேற்பரப்புக்கும் 1,500 மீற்றர் உயரக் காற்றுக்கும் 13 பாகை வித்தியாசம் வந்தால் ஏரிப்பனிப் பட்டைகள் உருவாகும். புயலுக்குப் பின் வரும் வடமேற்குக் காற்று ஹூரன் ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் கடந்து பாரி, மிட்லண்ட், ஓவன் சவுண்ட் பக்கம் கொட்டும். பட்டை 10, 20 கி.மீ. அகலம்தான் இருக்கும். 400 நெடுஞ்சாலையில் வெயிலில் ஓடிக்கொண்டிருப்பவர் ஒரு நிமிடத்தில் வெள்ளைச் சுவருக்குள் நுழைவார். குடா உறைந்தால் இது குறையும்.

நமக்கு ஏரிப்பனி வருவது கிழக்குக் காற்றில், ஒன்ராறியோ ஏரியிலிருந்து. அந்த ஏரி 244 மீற்றர் வரை ஆழம், ஆகவே குளிர்காலக் கடைசியிலும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். பெரும்பகுதி உறைவது ஆழம் குறைந்த ஈரி ஏரி.

ஸ்னோ, ஐஸ் பெலற், உறைமழை, மழை எல்லாம் ஒரே நாளுக்குச் சொல்லினம். உண்மையா எது வரும்?

புயல் மையம் எந்தப் பாதையில் போகிறது என்பதில் இருக்கிறது. கொலராடோவில் பிறந்து வரும் தாழமுக்கம் ரொறன்ரோவுக்குத் தென்கிழக்கே போனால் நமக்குப் பனி, வடமேற்கே போனால் மழை, மேலாகவே போனால் எல்லாமும். ஒன்றிரண்டு கி.மீ. உயரத்தில் ஒரு சூட்டு அடுக்கு நுழைந்து பனியை உருக்கும். தரையோரக் குளிர் அடுக்கு தடித்திருந்தால் துளி திரும்ப உறைந்து மணியாக (ஐஸ் பெலற்) விழும், மெல்லியதென்றால் துளியாகவே வந்து கிளையிலும் கம்பியிலும் பட்டவுடன் உறையும், அதுதான் உறைமழை.

2025 மார்ச் 28 முதல் 30 வரை இந்த உறைமழைதான் வந்தது. ஒரிலியா, பாரி, பீற்றர்பரோ பக்கம் மின்கம்பங்களும் மரங்களும் முறிந்து, பலர் நாட்கணக்கில் மின்சாரமில்லாமல் இருந்தார்கள். நூறு கி.மீ. தெற்கே ரொறன்ரோவில் பெரும்பாலும் மழை. 2013 டிசம்பர் 21, 22இல் ரொறன்ரோவுக்கே அந்த உறைமழை வந்தது.

போன்ல பத்து நாளைக்குப் பிறகு இன்னொரு 40 சென்ரிமீற்றர் காட்டுது. பயப்பிட வேணுமோ?

வேண்டாம். அது ஒரே ஒரு கணினி மாதிரியின் ஒரே ஓட்டத்தை மனிதர் யாரும் பார்க்காமல் எடுத்துப் போடும் எண். ஆறு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 3 செ.மீ. ஆகியிருக்கும், அல்லது மழையாகியிருக்கும். ஆறேழு நாளுக்கு முன் "ஒரு தாழமுக்கம் வரலாம்" என்பதற்கு மேல் சொல்வது வீண். மூன்று நாளுக்கு முன் பாதை ஓரளவு பிடிபடும். செ.மீ. அளவைக் கடைசி 24, 36 மணித்தியாலத்தில்தான் நம்பலாம், அப்போதும் முந்திய பதிலில் சொன்ன மழை–பனி எல்லைக்கோடு 50 கி.மீ. நகர்ந்தால் எல்லாம் மாறும்.

நல்ல வழி, ஐரோப்பிய, கனடிய, அமெரிக்க மாதிரிகள் மூன்றும் இரண்டு நாள் தொடர்ந்து ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது. சொன்னால் மளிகைச் சாமானை முந்தி வாங்கி வையுங்கள்.

ஸ்னோ கிடக்கிறதாலதான் குளிர் போகாம நிக்குதோ?

ஓரளவு உண்மை. பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, தெளிந்த இரவில் தன் வெப்பத்தையும் வானத்துக்கு விட்டுவிடுகிறது, கீழே நிலத்தின் சூடு மேலே வராமலும் மறைக்கிறது. ஆகவே பனி மூடிய இடத்தின் இரவு, வெறும் தரை உள்ள இடத்தைவிடச் சில பாகை குறைவு. தெற்கே விண்ட்சரில் தரை தெரிய, நமக்குப் பனி கிடந்தால் ஒரே காற்றுக்கு இரண்டு வெப்பநிலை பார்ப்போம். ஆனால் தென்மேற்கிலிருந்து பலத்த ஈரக்காற்று வந்தால் இந்தக் குளிர் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது.

போலார் வோர்ட்டெக்ஸ் உடைஞ்சிடுச்சு, ஏப்ரல் வரை குளிர்னு வீடியோ போடுறாங்களே?

வடதுருவத்துக்கு மேலே, 16 முதல் 50 கி.மீ. உயரத்தில் சுற்றும் காற்றுச் சுழல் அது. சில குளிர்காலங்களில் அது திடீரென்று சூடாகிக் குலையும். பத்து வருடத்தில் ஆறு தடவை அளவில் நடக்கிற விடயம். அதன் பாதிப்பு தரைக்கு வர இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும். வந்தாலும் குளிர் நம் பக்கம்தான் இறங்கும் என்றில்லை, சைபீரியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகலாம். "உடைந்தது" என்பது செய்தி, "ஆகவே ஒன்ராறியோவில் ஏப்ரல் வரை" என்பது வீடியோக்காரரின் சேர்க்கை. அதைவிட வையர்ட்டன் வில்லி பரவாயில்லை. பெப்ரவரி 2 அன்று வசந்தம் சீக்கிரம் வருமா என்று அந்த நிலஅணில் சொல்வதை யாரும் நம்பி டயர் மாற்றுவதில்லை.

அப்ப வின்ரர் டயரை எப்ப கழட்டலாம்?

பனி போன நாளில் அல்ல. அளவுகோல் 7 பாகை. அதற்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். இரவு வெப்பநிலையும் சேர்த்து இரண்டு கிழமை 7ஐச் சுற்றி நிற்கும்வரை பொறுங்கள், ரொறன்ரோவில் அது பெரும்பாலும் ஏப்ரல் கடைசிப் பக்கம் விழும். 2018இல் ஏப்ரல் 14, 15 சனி ஞாயிறில் உறைமழையும் ஐஸ் பெலற்றும் சேர்ந்து தெருக்களை மூடின.